ஆசிரியர் வீட்டில் ரேஷன் அரிசியா?

“பிரபல நாளிதழ் ஆசிரியர் வீட்டில் ரேஷன் அரிசி மூட்டைகள்? அதிர்ச்சியில் பக்கத்து வீட்டார்!”

இது நான் எழுதிய தலைப்பு. எந்த நாளிதழ், எந்த ஆசிரியர் என்று கேட்காதீர்கள். அப்படி ஒருவர் இருந்தாக வேண்டும் என்ற அவசியம்கூட இந்தத் தொழிலில் கிடையாது. அவர் அரிசி கடத்தினார் என்று நான் சொல்லவே இல்லையே! மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி காவல் நிற்கிறது, பாருங்கள். கேட்டேன், அவ்வளவுதான். ஜனநாயக நாட்டில் கேள்வி கேட்பது குற்றமா?

பக்கத்து வீட்டாரின் அதிர்ச்சி மட்டும் முறைப்படி சரிபார்க்கப்பட்டது. நானே போய்க் கதவைத் தட்டி, “உங்க பக்கத்து வீட்ல மூட்டை மூட்டையா ரேஷன் அரிசி இருக்காமே, தெரியுமா சார்?” என்று கேட்டேன். மனிதர் அதிர்ந்துபோனார். குறித்துக்கொண்டேன். ஆசிரியர் தரப்பையும் விடவில்லை. இரவு இரண்டேகால் மணிக்கு இரண்டு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. “பலமுறை தொடர்புகொண்டும் விளக்கமளிக்க அவர் முன்வரவில்லை” என்று நடுநிலையோடு ஒரு வரி சேர்த்தாயிற்று.

மறுநாள் அவர் கொதிப்பார். “அது பொன்னி அரிசிய்யா, அண்ணாச்சி கடையில வாங்கினது, பில் இருக்கு” என்பார். மிக நல்லது. “ரேஷன் அரிசி விவகாரம்: மௌனம் கலைத்தார் ஆசிரியர்!” நேற்று கேள்வியாக இருந்தது ஒரே இரவில் விவகாரமாகப் பதவி உயர்வு பெற்றுவிட்டது. விவகாரத்துக்குக் கேள்விக்குறி தேவையில்லை. மூன்றாம் நாள் பில்லைக் காட்டுவார். “பில்லைக் காட்டிப் பதறிய ஆசிரியர்: பின்னணி என்ன?” நான்காம் நாள் கோர்ட்டுக்குப் போவேன் என்பார். “சர்ச்சையில் சிக்கிய ஆசிரியரின் அடுத்த அதிரடி!” ஐந்தாம் நாள் என் நிறுவனத்தின் உண்மை கண்டறியும் பிரிவு களம் இறங்கும்: “ஆசிரியர் வீட்டில் ரேஷன் அரிசி எனப் பரவும் தகவல் உண்மையா?” உண்மையில்லை என்று கடைசிப் பத்தியில் இருக்கும். பரப்பியது யார் என்பது எந்தப் பத்தியிலும் இருக்காது. பிக்பாக்கெட் அடித்தவனே மறுநாள் ‘காணாமல் போன பொருள்கள்’ கவுன்ட்டரில் உட்கார்ந்து பர்ஸைத் திருப்பிக் கொடுத்து, அதற்குக் கைதட்டலும் வாங்குவதுபோல.

ஒரு பொய்க்கு ஐந்து நாள் பிழைப்பு. விளம்பர வருமானம் தனி.

ஆசிரியர்களே, கோபம் வருகிறதா? வரட்டும். இதைத்தானே நீங்கள் தினமும் ஊரில் யாருக்காவது செய்துகொண்டிருக்கிறீர்கள்.

செய்தி மேசையில் இதற்கான சாமான்கள் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பொய்யை எழுதிவிட்டு வாலில் ஒரு கேள்விக்குறி. அது போதாதென்றால் ஒற்றை மேற்கோள் குறி. யாரோ சொன்னதாக அர்த்தம், யார் என்று செய்தி முழுவதும் தேடினாலும் கிடைக்கமாட்டார். அப்புறம் வட்டாரங்கள். கோட்டை வட்டாரம், போலீஸ் வட்டாரம், கோடம்பாக்கம் வட்டாரம். இந்த வட்டாரங்களுக்கு வாய் மட்டும் உண்டு, முகம் கிடையாது. தப்பாகச் சொன்னதற்காக வேலை போன வட்டாரம் எதையும் இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. கமெண்ட் போட்ட மூன்று பேர் சேர்ந்தால் ‘நெட்டிசன்கள் கொந்தளிப்பு’.

இயன் பெட்டரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் 2009இல் இதற்கு ஒரு விதியே எழுதிவைத்தார்: கேள்விக்குறியோடு முடிகிற எந்தத் தலைப்புக்கும் ‘இல்லை’ என்று பதில் சொல்லிவிடலாம். ஆம் என்று தெரிந்திருந்தால் அவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள், நேராகச் சொல்லியிருப்பார்கள் என்பது அதன் உட்பொருள். பெட்டிக்கடை வாசலில் கம்பியில் மாட்டித் தொங்கும் மாலைப் பத்திரிகைப் போஸ்டர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைச் சொல்லிக்கொடுக்க லண்டனிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. ‘பிரபல நடிகர் மரணம்’ என்று கொட்டை எழுத்து; ‘வதந்தி’ என்பது மடிப்புக்குள். அதை மடித்த கைக்குக் கொஞ்சம் வெட்கம் இருந்தது என்றுதான் இன்று சொல்லத் தோன்றுகிறது. உண்மையை மடிப்பிலாவது வைத்தது. யூடியூப் தம்ப்நெயிலில் மடிப்பே கிடையாது.

2016 டிசம்பர் 5 சாயங்காலத்தை நினைத்துப் பாருங்கள். ஐந்தரை மணி வாக்கில் தமிழ்த் தொலைக்காட்சிகள் சில முதலமைச்சர் ஜெயலலிதா காலமானார் என்று அறிவித்தன. ராயப்பேட்டையில் அதிமுக தலைமை அலுவலகக் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. சிறிது நேரத்தில் அப்பல்லோ மருத்துவமனை மறுத்தது. சிகிச்சை தொடர்கிறது என்றது. இறங்கிய கொடி திரும்ப ஏறியது. அவர் உயிர் பிரிந்ததாக மருத்துவமனை பிற்பாடு அறிவித்த நேரம் இரவு 11.30. ஒரு மாநிலத்தின் முதலமைச்சரை, மருத்துவர்கள் கைவிடுவதற்கு முன்பே ஸ்க்ரோல் ஓட்டுகிறவர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று செய்தி அறைக்குள் ஒரு ஷிப்ட் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

“சார், டாக்டருங்க யாரும் இன்னும் சொல்லல சார்.”

“யோவ், அவன் போட்டுட்டான்யா!”

முடிந்தது சரிபார்ப்பு. அவன் ஏன் போட்டான்? இவன் போடப்போகிறான் என்று பயந்து போட்டான். களத்தில் நிற்கும் நிருபருக்குப் பெரும்பாலும் உண்மை தெரியும். தாலுகா நிருபரைக் கேளுங்கள். சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லாமல், விளம்பரமும் பிடித்துக் கொடுத்துக்கொண்டு, எஸ்.பி. ஆபீஸ் வாசலில் நின்றபடி “இன்னும் உறுதியாகல சார்” என்று சொல்கிறவர் அவர்தான். ஏ.சி. அறையிலிருந்து பதில் வரும்: “கேள்விக்குறி போட்டுக்கலாம், நீ மேட்டரை அனுப்பு.”

அன்றைக்கு அப்படிப் போட்டதற்கு ஒரு நியாயம் சொன்னார்கள்: “கடைசியில் உண்மைதானே ஆயிற்று?” ஆகாமல்? மனிதராகப் பிறந்த எல்லோரும் ஒருநாள் போய்ச் சேரத்தான் போகிறோம். அந்தக் கணக்கில் வாக்காளர் பட்டியலை அப்படியே எடுத்து இரங்கல் செய்தியாக இன்றே ஓட்டிவிடலாம். ஒரு பெயரும் தவறாது.

இன்னொரு நியாயம், அடிக்கடி கேட்பது: “எல்லாம் வாட்ஸ்அப் வந்த பிறகு கெட்டுப்போச்சு சார்.” இந்தப் பொய்க்கு வயது அதிகம். 1994இல் கேரளத்தில் வாட்ஸ்அப் இல்லை, அச்சகம் இருந்தது. விசா முடிந்தும் தங்கியிருந்ததாக மாலத்தீவுப் பெண் ஒருவரைப் பிடித்ததில் தொடங்கி, இஸ்ரோவின் ராக்கெட் ரகசியம் விலைபோய்விட்டது என்று மலையாள நாளிதழ்கள் வாரக்கணக்கில் தொடர்கதை வார்த்தன. நாகர்கோவில்காரரான விஞ்ஞானி நம்பி நாராயணன் நவம்பர் கடைசியில் கைதானார். விற்றதாகச் சொன்னது கிரையோஜெனிக் எஞ்சின் தொழில்நுட்பம். அது அன்றைக்கு இந்தியாவிடம் உருவாகியிருக்கவே இல்லை! இல்லாத சரக்கை விற்க முடியுமா என்று ஒரு ராக்கெட் மாணவனைக் கேட்டிருந்தால் போதும். 1996இல் வழக்கே பொய் என்றது சிபிஐ. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 50 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கொடுக்க வேண்டியது கேரள அரசு. அந்தத் தொடர்கதையை விற்றுக் காசு பார்த்த பத்திரிகைகளின் பங்கு எவ்வளவு என்று யாரும் கணக்குப் போடவில்லை.

குருநாகல் கதை இன்னும் கொடியது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இலங்கையில் முஸ்லிம்கள் வெளியே வரவே அஞ்சியிருந்த மாதம். மே நடுவில் குருநாகல் மாவட்டத்திலேயே கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டிருந்தன. அந்தச் சூடு ஆறுவதற்குள், மே 23 அன்று ‘திவயின’ என்ற சிங்கள நாளிதழ் முதல் பக்கத்தில் ஒரு செய்தி போட்டது: தவ்ஹீத் ஜமாஅத் என்ற முஸ்லிம் அமைப்பைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர், மகப்பேற்று அறுவைச் சிகிச்சையின்போது 4000 சிங்கள பௌத்தத் தாய்மாருக்குத் தெரியாமலேயே கருத்தடை செய்துவிட்டாராம்.

நாலாயிரம்! முழு எண், வட்டமான எண். எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து எண்ணினார்கள்? அறுவை அரங்கில் மயக்க மருந்து நிபுணர் இருப்பார், தாதியர் இருப்பர், உதவி மருத்துவர் இருப்பார். இத்தனை பேர் கண்ணெதிரில் நாலாயிரம் முறை ஒருவர் இதைச் செய்ய முடியுமா என்ற ஒரு கேள்வியைக் கேட்க மருத்துவப் படிப்பு வேண்டாம். ஓரிரு நாளில் குருநாகல் போதனா மருத்துவமனையின் மருத்துவர் ஒருவர் கைதானார். பிறகு நடந்ததுதான் கொடுமை. செய்தியைப் படித்த நூற்றுக்கணக்கான தாய்மார்கள் புகார் கொடுக்க வந்து நின்றார்கள். தங்கள் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று ஒரு நாளிதழ் சொல்லித்தான் அவர்களுக்குத் ‘தெரிந்தது’. அடுத்த குழந்தை தள்ளிப்போன ஒவ்வொரு வீட்டிலும் அந்தத் தலைப்பு போய் உட்கார்ந்துகொண்டது. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் துறையே நீதிமன்றத்தில் சொன்னது. ஜூலையில் பிணை கிடைத்தது. முழுதாக விடுவிக்கப்பட்டபோது 2025 ஜூலை. ஒரு முதல் பக்கத்தைத் துடைக்க ஆறு ஆண்டுகள்.

இதே அடி 2023 மார்ச்சில் நம் முதுகில் விழுந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தேடித் தேடிக் கொல்கிறார்கள் என்று இந்தி ஊடகங்களில் தலைப்புகள் பறந்தன. உத்தரப் பிரதேச பாஜக செய்தித் தொடர்பாளர் பிரசாந்த் உம்ராவ், இந்தி பேசிய குற்றத்துக்காக 12 பேர் தூக்கிலிடப்பட்டதாக ட்விட்டரில் எழுதினார். தொழிலில் அவர் வழக்கறிஞர். ஒருவரைத் தூக்கிலிட ஒரு மரம் வேண்டும், கயிறு வேண்டும், ஊர் வேண்டும். பிறகு காவல் நிலையம், பிணவறை, பீகாரில் எங்கேயோ நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஒரு தாய். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து இதில் ஒன்றுகூட இல்லை. எண்ணிக்கை மட்டும் இருந்தது. சுற்றிவந்த வீடியோக்களில் ஒன்று பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் வெட்டிக்கொண்டது என்று அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு கேமரா முன் வந்து விளக்கினார். தலையில் கட்டுப்போட்ட ஆட்களை வைத்து ஒரு யூடியூபர் விட்ட வீடியோ பாட்னாவில் நடித்து எடுக்கப்பட்டது என்று பீகார் போலீசே சொன்னது. ஹோலிக்கு ஊர் போகும் கூட்டமும் அந்த வாரம் ரயில் நிலையங்களில் நின்றது. அதுவும் உயிருக்குப் பயந்து ஓடும் கூட்டமாகவே காட்டப்பட்டது. பொய்யைப் பார்த்துப் பயந்து நிஜமாகவே மூட்டை கட்டியவர்களும் அதில் உண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளிகள் தொழிலாளர்களைக் கையைப் பிடித்து நிறுத்தாத குறை.

பீகார் சட்டமன்றம் அமளிப்பட்டது. உண்மையைக் கண்டறிய அங்கிருந்து ஓர் அதிகாரிகள் குழு வந்தது. குழுவின் தலைவர் பெயர் பாலமுருகன்! சென்னை, கோவை, திருப்பூர் என்று சுற்றி விசாரித்துவிட்டு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று திரும்பிப் போனார்கள். ஏப்ரலில் உம்ராவை மன்னிப்புக் கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

அந்த வாரம் தமிழ் ஊடகங்களுக்கு வந்த அறச்சீற்றத்தைப் பார்க்க வேண்டுமே! ‘வட இந்திய ஊடகங்களின் பொய் முகம்’ என்று விவாதமேடை போட்டுத் தீர்த்தார்கள். ஐயா, உங்கள் பழைய பக்கங்களைக் கொஞ்சம் புரட்டுங்கள். ஏ.டி.எம். உடைந்ததா? ‘வடமாநிலக் கும்பல் கைவரிசையா?’ பூட்டிய வீட்டில் நகை போனதா? ‘வடமாநில வாலிபர்களுக்குத் தொடர்பா?’ கைரேகை நிபுணர் வருவதற்கு முன்பே மாநிலம் முடிவாகிவிடுகிறது. பிடிபட்டவன் பக்கத்துத் தெருக்காரன் என்று தெரிந்தால் அவனுக்கு மாநில அடைமொழி கிடையாது. ‘வாலிபர் கைது’, அவ்வளவுதான். 2018 மே மாதம், வடக்கிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் இறங்கியிருக்கிறது என்று செல்போன்கள் அலறின. திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு காரில் போன 65 வயதுச் சென்னைப் பெண்மணி, வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அடித்தே கொன்றார்கள். அவர் வடக்குமில்லை, கும்பலுமில்லை. அன்றைக்குக் கைபேசியில் வந்ததை எழுதியவன் எவனோ. ஆனால் ‘வடமாநிலக் கும்பல்’ என்ற இரண்டு சொல்லைக் கேட்டதும் கட்டையைத் தேடும் பழக்கத்தை அந்த ஊருக்குக் கற்றுக்கொடுத்ததில் உங்கள் கேள்விக்குறிகளுக்குப் பங்கில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், பார்ப்போம்.

இதெல்லாம் கேள்விக்குறியாவது போடுகிறவர்களின் கதை. தேசபக்தி தலைக்கேறினால் அதுவும் உதிர்ந்துவிடும். 2016 நவம்பரில் புதிய 2000 ரூபாய் நோட்டுக்குள் நானோ சிப் இருக்கிறது, பூமிக்கடியில் 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்று இந்திச் சானல்கள் வரைபடம் போட்டு விளக்கின. அது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. இந்தியா-பாகிஸ்தான் மோதலின் நடுவே வந்த 2025 மே 8 இரவு சிரிக்க முடியாதது. கராச்சித் துறைமுகம் பற்றி எரிந்தது. இஸ்லாமாபாத் வீழ்ந்தது. பாகிஸ்தான் ராணுவத் தளபதி கைதானார். எல்லாம் ஸ்டுடியோவில், இந்தியிலும் ஆங்கிலத்திலும், மொழிபெயர்த்துத் தமிழிலும். வீடியோ கேம் காட்சிகள்கூடப் போர்க்களமாக ஓடின. விடிந்தபோது கராச்சித் துறைமுகம் இருந்த இடத்திலேயே இருந்தது. தாக்கத் தயாராக நின்றிருந்தோம் என்றுதான் சில நாள் கழித்துக் கடற்படையே சொன்னது. நிகழ்ச்சிகளில் வான்தாக்குதல் எச்சரிக்கைச் சைரனைப் பின்னணி இசையாகப் போடாதீர்கள், உண்மையான சைரன் ஒலிக்கும்போது மக்கள் அசட்டையாக இருந்துவிடுவார்கள் என்று மே 10 அன்று அரசே சானல்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அதே நாள்களில், பூஞ்ச் நகரில் பாகிஸ்தானின் குண்டுவீச்சில் செத்துப்போன ஒரு மதரஸா ஆசிரியரின் படத்தைத் திரையில் போட்டு, பயங்கரவாதி ஒழிக்கப்பட்டான் என்றன சில சானல்கள். எல்லையில் வாழ்ந்து, எதிரியின் குண்டுக்குப் பலியான ஓர் இந்தியக் குடிமகன். அவரை அவருடைய நாட்டுச் சானல்களே இரண்டாவது முறை கொன்றன. செய்தி பொய் என்று பூஞ்ச் போலீஸ் அறிக்கை விட்டது. பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுத்தவரின் வீட்டில் உடலைப் பார்த்து அழுவதா, டி.வி.யைப் பார்த்து அழுவதா? ஒரு போன், உள்ளூர் காவல் நிலையத்துக்கு ஒரே ஒரு போன் போட்டிருந்தால் போதும். போட நேரமில்லை. அவன் போட்டுட்டானே! அடுத்த மாதம் பூஞ்ச் நீதிமன்றம் சானல்கள் மேல் வழக்குப் பதியச் சொன்னது.

இவர்களை அரசாங்கம் அடக்கட்டும் என்கிறீர்களா? நான் சொல்லமாட்டேன். பீகார் வீடியோ யூடியூபர் மேல் தமிழ்நாடு அரசு தேசியப் பாதுகாப்புச் சட்டத்தையே பாய்ச்சியது. அதை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. ஒன்றிய அரசோ தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே தீர்ப்பு எழுதும் பிரிவு ஒன்றை அமைக்கப் பார்த்தது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது. பொய்யனிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று வருகிறவன் கையிலும் ஒரு பட்டியல் இருக்கிறது.

அதனால்தான் சுயகட்டுப்பாடு என்கிறார்கள். அதன் லட்சணம்? அச்சு ஊடகத்துக்கு இந்தியப் பத்திரிகை மன்றம். கண்டிக்கலாம், எச்சரிக்கலாம், அபராதம் போடும் அதிகாரம் கிடையாது. தொலைக்காட்சிகள் தங்களுக்குத் தாங்களே அமைத்துக்கொண்ட ஆணையம் அபராதம் போடும். 2020இல் இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்தபோது, அவர் எழுதாத ட்வீட்களை அவருடைய கடைசி ட்வீட்கள் என்று காட்டியதற்காக ஆஜ் தக் சானலுக்குப் போட்டது. எவ்வளவு? ஒரு லட்சம் ரூபாய். அன்றைய உச்சவரம்பே அதுதான். 2008இல் வைத்தது, அதற்குப் பிறகு கூட்டவே இல்லையா என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கேட்டது.

ஆக, செய்தி அதிபர்களே, விலைப்பட்டியல் தெளிவாகவே இருக்கிறது. செத்தவன் வாயில் வார்த்தையைத் திணித்ததற்கு ஒரு லட்சம். பொன்னி அரிசியை ரேஷன் அரிசியாக்க அந்தளவுகூட ஆகாது. பிடிபட்டால் கட்டிவிடலாம், பிடிபடாவிட்டால் மிச்சம். கட்டிய ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள். தொழில் செலவில் கழித்துக்கொள்ளலாமா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர் உறுதிப்படுத்திக்கொண்டுதான் பதில் சொல்வார்.